சத்தத்தை அடக்க ஒட்டிய ஃபோம்: 'தி ஸ்டேஷன்' தீவிபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒலிப்பதிவுக் கூடத்தில் என்ன ஆபத்து இருக்கிறது என்று கேட்டால் முதலில் காதைச் சொல்வார்கள், அடுத்து மின்சாரத்தை. இரண்டும் நியாயமான பதில்கள்தான். 1972இல் ஸ்வான்சீ நகரத்து மேடையில் சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி இறந்தார். 1976இல் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே கிதார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த்திங் பற்றி நம் ஆட்கள் ஓரளவாவது பேசுகிறார்கள். சுவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்டுடியோ கட்டும்போது சுவரில் ஒட்டுகிற ஃபோமுக்கு (பஞ்சு போன்ற பலகை) விலை கேட்கிறோம், தடிமன் கேட்கிறோம், நிறம்கூடப் பார்த்து வாங்குகிறோம். அது எப்படி எரியும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலை என்ன என்பதை 2003இல் அமெரிக்காவில் நடந்த ஒரு தீவிபத்து காட்டியது. நடந்த இடம் ஸ்டுடியோ அல்ல, ஓர் இசை விடுதி. ஆனாலும் ஸ்டுடியோக்காரர்கள் அனைவரும் படிக்க வேண்டிய நிகழ்வு இது. அங்கே சுவரில் இருந்தது நாம் ஒட்டும் அதே வகைப் பொருள், ஒட்டியதும் ஒலிக்காகத்தான். தீ பிடித்த கணத்திலிருந்து வீடியோவில் பதிவானதால், என்ன நடந்தது என்பதை நொடிக்கணக்கில் சொல்ல முடிகிறது.

ஃபோம் சுவருக்கு வந்த கதை

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்ற ஊர். அங்கே 'தி ஸ்டேஷன்' என்ற பெயரில் ஒரு ராக் இசை விடுதி. 1946இல் கட்டப்பட்ட, மரச் சட்டங்களால் ஆன ஒற்றைத் தளக் கட்டடம். பரப்பு ஏறக்குறைய 410 சதுர மீட்டர். 2000ஆம் ஆண்டில் ஜெஃப்ரி டெர்டேரியன், மைக்கேல் டெர்டேரியன் என்ற சகோதரர்கள் அதை வாங்கினார்கள். வந்ததும் அவர்கள் எதிர்கொண்ட தலைவலி இரைச்சல் புகார். இரவு முழுக்க டிரம்ஸும் பேஸும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேட்டன.

புகார் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஃபோம் விற்கும் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தார். பேச்சு அங்கே போய், விடுதிக்கு ஃபோம் வாங்குவதில் முடிந்தது. வந்தது பாலியூரித்தேன் ஃபோம், முட்டை அடுக்கும் தட்டு மாதிரி மேடு பள்ளம் வைத்து வெட்டியது. தீ தடுப்பு வேதிப்பொருள் எதுவும் சேர்க்காத ரகம். பொதி கட்டவும் மெத்தைக்கும் பயன்படும் வகை. அதை மேடையைச் சுற்றியுள்ள சுவர்களிலும், டிரம்மர் உட்காரும் குழிவான பகுதியிலும் ஒட்டினார்கள். அந்தக் குழிவில் ஏற்கெனவே பாலியெத்திலீன் ஃபோம் இருந்தது. அதன் மேலேயே புதியது ஏறியது. ஃபோமுக்குப் பின்னால் இருந்ததோ மரப் பலகை.

இதற்குப் பிறகும் தீயணைப்புத் துறைப் பரிசோதனைகள் நடந்தன. மேடை அருகிலுள்ள கதவு உள்பக்கமாகத் திறக்கிறது என்று குறை எழுதிய அதிகாரி, சுவரில் இருந்த ஃபோமைப் பற்றி எழுதவில்லை. கண்ணுக்கு எதிரே சுவர் முழுக்க இருந்த பொருள் அறிக்கைகளில் இல்லை. அதை எல்லோரும் ஒலி சம்பந்தப்பட்ட பொருளாகவே பார்த்தார்கள், எரிபொருளாகப் பார்க்கவில்லை என்பது என் ஊகம். ஸ்டுடியோக்களிலும் இன்றைக்கு இதுதான் நடக்கிறது.

2003 பிப்ரவரி 20

அன்று 'கிரேட் ஒயிட்' என்ற ராக் இசைக் குழுவின் நிகழ்ச்சி. அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எண்ணிக்கை 404. உள்ளே 440 பேருக்கு மேல் இருந்தார்கள். இரவு 11 மணி தாண்டிய சில நிமிடங்களில் குழு மேடை ஏறியது. முதல் பாட்டு தொடங்கியதும் குழுவின் மேலாளர் நான்கு பூவாணங்களை இயக்கினார். மேடை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தும் இவை ஏறத்தாழ 15 நொடிகளுக்கு, 15 அடி தூரத்துக்குத் தீப்பொறியைப் பீய்ச்சுபவை. இதற்கு உரிய அனுமதி பெறப்படவில்லை.

பொறி டிரம்மர் குழிவின் இரு பக்க விளிம்புகளிலும் ஃபோமைத் தொட்டது. இரண்டு பக்கமும் தீ பிடித்தது. கூட்டத்தில் பலர் அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர் ஒருவர் அப்போது படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு மூன்று நாள் முன்புதான் சிகாகோவில் ஒரு விடுதியில் நெரிசலில் 21 பேர் இறந்திருந்தார்கள். அதையொட்டி, இரவு விடுதிகளின் பாதுகாப்பு பற்றிய செய்திக்காகத்தான் அவர் வந்திருந்தார்.

அந்தப் பதிவை வைத்து ஆய்வாளர்கள் கட்டிய கால வரிசை இப்படிப் போகிறது. தீ பிடித்து ஏறக்குறைய 30 நொடியில் இசை நின்றது. 41ஆம் நொடியில் அலாரம் ஒலித்தது, விளக்குகள் மின்னின. அதற்குள் நெருப்பு கூரையைத் தொட்டுவிட்டது. 1 நிமிடம் 42 நொடியில் முன்வாசலுக்குப் போகும் குறுகிய வழியில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, வெளியேறுவது கிட்டத்தட்ட நின்றே போனது. தீயணைப்பு வண்டி தாமதிக்கவில்லை. 5 நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அதற்குள் கட்டடம் கைவிட்டுப் போயிருந்தது.

வாசல்கள் மொத்தம் நான்கு. ஆனால் பெரும்பாலானவர்கள் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலையே நோக்கி ஓடினார்கள். ஆபத்து நேரத்தில் மனிதர்கள் தெரிந்த வழியைத்தான் தேடுவார்கள், இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடைப் பக்கத்துக் கதவு குழுவினருக்கு மட்டும் என்று சொல்லித் தங்களைத் திருப்பி அனுப்பியதாகப் பிழைத்தவர்கள் சிலர் சொன்னார்கள். 100 பேர் இறந்தார்கள். குழுவின் கிதார் கலைஞர் டை லாங்லியும் அவர்களில் ஒருவர். காயமடைந்தவர்கள் 200க்கும் மேல்.

வழக்கு விவரத்தை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பூவாணத்தை இயக்கிய மேலாளர் 2006இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 15 ஆண்டு தண்டனையில் 4 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டும் என்று தீர்ப்பு. உரிமையாளர்களில் ஒருவருக்கும் அதே அளவு சிறை, மற்றவருக்கு 500 மணி நேரச் சமூக சேவை. பரிசோதனை செய்த அதிகாரி மீது குற்றச்சாட்டு பதியப்படவில்லை. உரிமையியல் வழக்குகளில் பல தரப்பும் சேர்ந்து தர ஒப்புக்கொண்ட தொகை 17.6 கோடி டாலர். ஃபோம் விற்ற நிறுவனமும், அடியில் இருந்த பழைய ஃபோமைத் தயாரித்த நிறுவனமும் பணம் கொடுத்தவர்களில் அடக்கம்.

ஆய்வகத்தில் தெரிந்தது

அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் இந்த விபத்தை விரிவாக ஆராய்ந்து 2005இல் இறுதி அறிக்கை வெளியிட்டது. மேடையையும் அதன் முன்பகுதியையும் அசல் அளவில் மீண்டும் கட்டி, அதே வகை ஃபோம் ஒட்டி எரித்துப் பார்த்தார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் அந்த இடத்தில் வெப்பம், நச்சு வாயு, ஆக்சிஜன் குறைவு எல்லாமே மனிதர் உயிர் தாங்கும் எல்லையைத் தாண்டின. இன்னொரு முறை அதே அமைப்பில் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வைத்து எரித்தார்கள். அரை நிமிடத்துக்குள் நீர் பாய்ந்தது, உள்ளே இருப்பவர்கள் பிழைத்து வெளியேறக்கூடிய நிலை நீடித்தது. ஸ்டேஷனில் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. பழைய கட்டடங்களுக்கு இருந்த சலுகையில் அது தப்பித்திருந்தது. அந்தச் சலுகையை ரோட் ஐலண்ட் அதே 2003இல் சட்டம் போட்டு நீக்கியது.

ஒன்றரை நிமிடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஃபோமின் இயல்பைப் பார்ப்போம். மென்மையான பாலியூரித்தேன் ஃபோம் முழுக்கத் துளைகள். ஒலி உள்ளே நுழைந்து சக்தி இழக்க அந்தத் துளைகள்தான் காரணம். அதே துளைகள் வழியாகத்தான் தீக்குக் காற்று கிடைக்கிறது. மேடு பள்ளமாக வெட்டினால் மேற்பரப்பு கூடி ஒலி இன்னும் நன்றாக உட்கவரப்படும், தீயும் இன்னும் வேகமாகப் பரவும். அதாவது ஒலிக்கு எது நல்ல குணமோ அதுவே தீக்கும் நல்ல குணம். எரியும்போது உருகிச் சொட்டும், சொட்டுவதும் எரிந்துகொண்டே விழும். பாலியூரித்தேனில் நைட்ரஜன் இருப்பதால் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். இரண்டும் சேர்ந்தால் ஒருவர் நாலைந்து மூச்சிலேயே நிலை தடுமாறலாம். கண்ணெதிரே கதவு இருந்தும் போய்ச் சேர முடியாமல் போவது இதனால்தான்.

'தீ தடுக்கும் ஃபோம்' என்று போட்டு விற்பதை நம்பலாமா என்று கேட்பீர்கள். ஆய்வாளர்கள் தீ தடுப்புப் பொருள் சேர்த்த ஃபோமிலும் அதே பூவாணத்தைக் காட்டிப் பார்த்தார்கள், அது பற்றவில்லை. ஆகவே வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரு பொறிக்குப் பற்றாத ஃபோம், பக்கத்தில் ஏற்கெனவே பெரிதாக எரியும் தீக்கு முன்னால் தாக்குப்பிடிக்கும் என்று பொருளில்லை. விரல் நீளத் துண்டைப் படுக்கவைத்து சிறு சுடரைக் காட்டும் சோதனை வேறு, ஓர் அறையின் சுவரிலும் மூலையிலும் ஒட்டி எரித்துப் பார்க்கும் சோதனை வேறு. முதல் வகைச் சோதனையை வைத்துக்கொண்டு 'தானே அணைந்துவிடும்' என்று விளம்பரம் செய்ததற்காக 1970களிலேயே அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பிளாஸ்டிக் துறை மீது நடவடிக்கை எடுத்தது. அதே மாதிரி வாசகங்கள் இன்றும் ஆன்லைன் கடைகளில் ஃபோம் படங்களுக்குக் கீழே இருக்கின்றன. விற்பவரிடம் கேட்க வேண்டியது எந்தச் சோதனை, எந்த அளவு மாதிரியில், யார் செய்தது என்பது. சான்றிதழ் கையில் இல்லையென்றால் அதைச் சாதாரண ஃபோமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

செய்யவே முடியாத வேலைக்கு வாங்கிய பொருள்

இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இந்தப் பகுதிதான். விடுதிக்காரர்களுக்கு இருந்த பிரச்சினை சத்தம் வெளியே போவது. சுவரில் ஒட்டும் ஃபோம் அதைத் தடுக்காது. தடுக்கவே முடியாது.

ஃபோம் செய்வது உட்கவர்தல். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைக் குறைக்கும், எதிரொலி அடங்கும், பாடகர் குரல் தெளிவாகப் பதியும். சத்தம் சுவரைத் தாண்டாமல் இருக்க வேண்டுமென்றால் தேவை எடையும் காற்றுப்புகா அடைப்பும். கனமான சுவர், இரட்டை ஜிப்சம் போர்டு, நடுவில் இடைவெளி, கதவைச் சுற்றி ரப்பர் சீல். காற்று தாராளமாகப் போய்வரும் ஒரு பஞ்சுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. போதாததற்கு, பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் கீழ்ச்சுருதிதான், அதாவது டிரம்ஸ், பேஸ் போன்ற தாழ்ந்த ஒலி. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அதை நன்றாக உட்கவர ஏறக்குறைய அதில் கால் பங்கு தடிமன் வேண்டும், அதுவே 85 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் ஃபோமை அந்த ஒலி கண்டுகொள்ளாது.

ஆக, தீயைப் பற்றி ஒன்றுமே தெரியாத, ஆனால் ஒலியை நன்றாகத் தெரிந்த ஒருவர் 2000ஆம் ஆண்டில் அந்த இடத்துக்குப் போயிருந்தால் போதும். "இது உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது, வாங்காதீர்கள்" என்று சொல்லியிருப்பார். அந்த ஃபோம் சுவருக்கே வந்திருக்காது. இதனால்தான் இது தீயணைப்புத் துறையின் விஷயம் மட்டும் அல்ல, ஒலித் தொழிலில் இருப்பவர்களின் பொறுப்பும்கூட என்று அழுத்திச் சொல்கிறேன். அறையில் எந்தப் பொருள் எதற்கு என்று சொல்லும் இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.

அதே தவறு வேறு ஊர்களிலும் நடந்தது. 2004 டிசம்பர் 30இல் புவனோஸ் அயர்ஸின் குரோமன்யோன் விடுதியில் 194 பேர் இறந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் விட்ட வாணம் கூரையில் பற்றியது, அங்கேயும் ஃபோம். 2013 ஜனவரி 27இல் பிரேசிலின் சாண்டா மரியாவில் கிஸ் விடுதி. 242 பேர். அங்கும் இரைச்சல் புகாருக்குப் பிறகு ஒட்டிய ஃபோம்தான் மேடையில் ஏற்றிய வாணத்தில் பற்றியது. 2015 அக்டோபர் 30இல் புக்கரெஸ்டின் கொலெக்டிவ் விடுதி. 64 பேர். அதையொட்டி எழுந்த போராட்டத்தில் ருமேனியாவின் பிரதமரே பதவி விலகினார். நாடும் மொழியும் மாறின, சுவரிலும் கூரையிலும் இருந்த பொருள் மாறவில்லை.

ஸ்டுடியோவுக்குள் வந்தால்

ஸ்டுடியோவில் வாணம் விடுவதில்லை, 400 பேர் கூடுவதில்லை, சரி. ஆனால் சில விஷயங்களில் ஸ்டுடியோ அந்த விடுதியைவிட மோசமான நிலையில் இருக்கிறது. ஜன்னல் இருக்காது. இருந்தாலும் அடைத்திருப்போம். பாடகர் அறைக்கு ஒரே கதவு, அதைத் தாண்டிக் கன்ட்ரோல் ரூம், அதற்கும் ஒரே கதவு. சத்தம் வெளியே போகாதபடி கட்டிய அறைக்குள் வெளியிலிருந்தும் எதுவும் கேட்காது. உள்ளே இருப்பவர் காதில் ஹெட்ஃபோன் வேறு. கட்டடம் முழுக்க அலாரம் அடித்தாலும் டேக் (ஒருமுறை பாடிப் பதிவது) முடியும்வரை அவருக்குத் தெரியாது. ஸ்டேஷனில் அலாரத்தோடு மின்னிய விளக்கு இங்கே மிக அவசியம். பாடகர் அறை ஒவ்வொன்றிலும், நோட்டேஷன் ஸ்டாண்டைப் பார்த்து நிற்பவர் கண்ணில் படும் இடத்தில், அலாரத்தோடு இணைத்த விளக்கு ஒன்று வேண்டும்.

பற்ற வைக்கும் காரணங்களுக்கும் குறைவில்லை. ஃபோமுக்குப் பின்னால் மறைத்து ஓட்டிய வயர்கள், மூலையில் திணித்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நாள் முழுக்கச் சூடாகும் ஆம்ப்ளிஃபையர், ஃபோமை உரசிக்கொண்டு நிற்கும் ஸ்பாட் லைட். கட்டும் காலத்தில் ஃபோம் ஒட்டப் பயன்படும் ரப்பர் பசையின் ஆவியே தீப்பிடிக்கும். கதவை மூடி வைத்து ஒட்டிக்கொண்டே ஒருவர் சிகரெட் பற்ற வைத்தால் போதும்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் இன்னொன்றும் உண்டு. பாடல் பதிவு பூஜையோடு தொடங்குவதும், ஆயுத பூஜைக்குக் கன்சோல் (ஒலிக்கலவை மேசை) முன்னால் கற்பூரம் ஏற்றுவதும் நம் வழக்கம். அந்த வழக்கத்தை விடச் சொல்லவில்லை. ஃபோம் ஒட்டிய அறைக்குள் ஏற்ற வேண்டாம். வரவேற்பறையில் ஏற்றி ஆரத்தி காட்டி, தீபம் அணைந்தபின் குங்குமத்தையும் பூவையும் உள்ளே கொண்டுவந்து வைக்கலாம்.

ஃபோமுக்கு மாற்று இல்லாமல் இல்லை. ராக் வூல் (பாறையை உருக்கி நாராக்கியது), கிளாஸ் வூல் (கண்ணாடி நார்) பலகைகளை மரச் சட்டத்தில் வைத்துத் துணி போர்த்திய பேனல்கள் பல காலமாகப் பயன்பாட்டில் இருக்கின்றன. ராக் வூல் எரிவதில்லை, 1000 டிகிரி செல்சியஸ் வரை உருகுவதும் இல்லை. 10 சென்டிமீட்டர் பலகையைச் சுவரிலிருந்து அதே அளவு தள்ளி மாட்டினால் அதைவிட மெல்லிய ஃபோம் தொடாத கீழ்ச்சுருதியையும் ஓரளவு கவனிக்கும். வேலை செய்யும்போது நார் தோலிலும் தொண்டையிலும் உறுத்தும் என்பதால் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை வேண்டும். புற்றுநோய் பயம் பலருக்கு இருக்கிறது. கட்டடங்களில் பயன்படும் இந்த வூல் வகைகளை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்த முடியாதவை என்ற பிரிவுக்குப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இலேயே மாற்றிவிட்டது. போர்த்தும் துணி மட்டும் எளிதில் எரியாத ரகமாக இருக்க வேண்டும். ராக் வூலை வாங்கிவிட்டு மேலே சாதாரண வெல்வெட் போர்த்துவதில் பயனில்லை.

ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்கள் கேட்பது, எல்லாவற்றையும் ஒரே நாளில் பிய்க்க வேண்டுமா என்று. முடிந்தால் ஆமாம். முடியாவிட்டால் எனக்குச் சரியாகப் படும் வரிசை இது. முதலில் கூரையில் இருப்பது. வெப்பம் அங்கேதான் போய்ச் சேரும், உருகினால் தலையில் சொட்டும். அடுத்து கதவிலும் கதவைச் சுற்றியும் இருப்பது, ஏனென்றால் வெளியேறும் ஒரே வழி எரியக் கூடாது. அப்புறம் பிளக் பாயின்ட், ஆம்ப்ளிஃபையர், விளக்கு இவற்றுக்குப் பக்கத்தில் இருப்பது. மூலைகளில் இருப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு சுவரும் ஒன்றையொன்று சூடேற்றுவதால் மூலையில் தீ வேகமாக ஏறும், ஸ்டேஷனின் டிரம்மர் குழிவிலும் நடந்தது அதுதான்.

பிய்க்கும் வேலையோடு கதவையும் பாருங்கள். உள்ளிருந்து சாவி இல்லாமல், ஒரே தள்ளில், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இரட்டைக் கதவு என்றால் இரண்டும் அப்படியே. பதிவு நடக்கும்போது யாரும் நுழையாமலிருக்க வெளியே தாழ் போடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அந்தத் தாழைக் கழற்றிவிட்டு சிவப்பு விளக்கு மாட்டுங்கள். அறைக்குள் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் வைத்திருந்தால், கன்சோலுக்கும் கருவிகள் அடுக்கிய சட்டத்துக்கும் அது நல்லது. ஆனால் சிறிய மூடிய அறையில் அதை அடித்துவிட்டு உள்ளேயே நிற்கக் கூடாது, மூச்சு முட்டும். சுவரில் ஃபோம் பற்றிவிட்டது என்றால் அணைப்பானைத் தேடவே வேண்டாம். பாடகர் அறைக் கதவைத் திறந்து, உள்ளே இருப்பவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுக்கத் திரும்பாதீர்கள்.